கடல்மல்லையில் ஒரு சாப்பாட்டுக் கடை

மாமல்லபுரம் போய்வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். ஐந்து ரதங்களைப் பற்றிச் சொல்வார்கள். பாறையில் தவம் புரிபவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று வாதாடவும் செய்வார்கள். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பல்லவர் காலத்துத் துறைமுகத்துக்குப் போய், கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவது என்ன நியாயம்? சைவ நேயர்கள் பொறுத்தருள்க!

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம் இருக்கிறது. மணலில் படகுகள், அவற்றுக்குப் பின்னால் சிறு சாப்பாட்டுக் கடைகள். சென்ற மே மாதம் ஒன்றில் நுழைந்தேன். கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு, அவ்வளவே. சமைப்பதற்கு முன் மீனைத் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவது இப்பக்கத்து நல்வழக்கம். கண் பளிச்சென்றிருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழும்ப வேண்டும். ஆனால், தட்டில் இருந்தவை வஞ்சிரத் துண்டங்கள். துண்டத்துக்குக் கண் ஏது, செவுள் ஏது? விற்பவரை நம்பவேண்டியதுதான். அவற்றையே கேட்டேன்.

கடைக்கார அம்மாள் தலையை அசைத்தாள். "வேண்டாங்க ஐயா. அது ஐஸிலே கிடந்தது. நெத்திலி காலையிலே வந்தது, அதைச் சாப்பிடுங்க."

வஞ்சிரத்தின் விலை என்ன, நெத்திலியின் விலை என்ன! கைக்கு வந்த லாபத்தை அவளே தள்ளிவிட்டாள். அதுவும் லாபம் அரிதான காலத்தில். மீனினம் பெருகுவதற்காகக் கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017 முதல் 61 நாளாயிற்று. அந்நாட்களில் சிறு படகுகள் கொண்டுவருவதுதான் புதுமீன். மற்றவை பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் வந்து சேருபவை.

நெத்திலிக் குழம்பு வந்தது. சின்ன வெங்காயம், புளி, மாங்காய்த் துண்டு. மீனைக் கடைசியில் போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டுமாம். கரண்டியால் கிளறலாகாது, சட்டியைத்தான் சுழற்ற வேண்டும். ருசியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை; மூன்றாம் முறை சாதம் கேட்டேன் என்பது போதும்.

கடை ஓய்ந்ததும் அம்மாள் கடலைக் காட்டினாள். "முன்னே எவ்வளவு மணல் இருந்துச்சு தெரியுமா? இப்போ படகை இழுத்துப் போடவே இடமில்லே."

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, மணலில் புதைந்திருந்த சிற்பப் பாறைகள் சில வெளிப்பட்டன. அறிஞர்கள் களித்தார்கள். அவ்வலை குப்பத்திலிருந்து என்னென்ன எடுத்துப் போயிற்று என்று அந்த அம்மாளிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. அவள் மகன் வாசலில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போகலாம். பகல் 12 மணிக்குள் போய்விடுங்கள். காலையில் வந்த நெத்திலி அதற்குமேல் மிஞ்சுவதில்லை.