தண்ணீரில் நின்று வாடும் வாழை

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, கொல்லை மண் காலில் ஒட்டுகிறது. ஆனாலும் ரஸ்தாளி வாடி நிற்கிறது. நட்ட ஐந்தாறு மாதத்தில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகி, மஞ்சள் நடுநரம்பை நோக்கி நகரும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். குடவாசல் பக்கத்தில் தண்ணீரை நம்பிப் பழகிய கை, உடனே மடையைத் திறக்கத்தான் போகும். அந்தத் தண்ணீரோ நோயையும் பக்கத்துத் தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அரிவாளை எடுத்துக் கிழங்கைப் பிளந்து பார்க்க வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் ஓடினால் அது பனாமா வாடல். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, நீரேற்றும் குழாய்களுக்குள் குடியேறியிருக்கிறது. குழாயை அடைப்பதில் பூஞ்சைக்கு மட்டுமல்ல, வாழைக்கும் பங்குண்டு. நுழைந்தவனைத் தடுக்க அது பிசின் போன்ற பொருளைச் சுரந்து குழாயை மூடுகிறது. எதிர்ப்புள்ள ரகம் இதை வேரிலேயே சட்டென்று செய்துவிடும். ரஸ்தாளி தாமதிக்கிறது, அதற்குள் பூஞ்சை மேலே போய்விட, அடைப்பு எங்கும் பரவித் தண்ணீரும் நின்றுபோகிறது. செடி தாகத்தில் சாகிறது, ஈர மண்ணில் நின்றபடியே.

 

ஆஸ்திரேலியாவில் 1876-இல் பதிவான இந்த நோய், மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்துப் பனாமாவின் பெயரைப் பெற்றது. ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷேல்' ரகம் 1960 வாக்கில் மறைந்து, கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அதையும் வீழ்த்தும் புதிய வகை பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் காணப்பட்டுள்ளது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

ஹோண்டுராஸில் கரை கட்டி, தோட்டத்தை மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். நோய் குறைந்தது, பிறகு திரும்பி வந்தது. டெல்டாவில் அந்த வேலையைச் சம்பா நடவே செய்துவிடுகிறது. வாழை போட்ட இடத்தில் ஒன்றிரண்டு போகம் நெல் வைத்தால் மண்ணில் பூஞ்சை குறையும். வேளாண் துறையினரும் இதையே சொல்கிறார்கள். முழுக்க ஒழியாது. அதன் தடித்த வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

அதனால் கன்று எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. நோயுள்ள தூரின் பக்கக்கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வாடிய தூரைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட்டு, குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போட வேண்டும். அந்த இடத்தில் மறுபடியும் ரஸ்தாளி வேண்டாம், பூவன் வைக்கலாம். ருசியில் ரஸ்தாளிக்கு ஈடாகாது, உண்மைதான். ஆனால் அது தார் போடும்.