பேய் வீட்டுப் பத்திரம்

பத்திரம் எழுதிப் பிழைப்பவனுக்குப் பேய்ப் படம் சரிப்பட்டு வராது. 2005-இல் 'சந்திரமுகி' பார்க்கப் போனேன். ஜோதிகா கண்ணை உருட்டியதும் தியேட்டரே அலறுகிறது. எனக்கோ, இந்த அரண்மனையை வாங்கினார்களே, வில்லங்கம் போட்டுப் பார்த்தார்களா என்ற கவலை.

அந்தக் கவலை வீண்போகவில்லை. கதைக்கு அடியில் கிடப்பதே சொத்துத் தகராறுதான். 'சந்திரமுகி'க்கு மூலம், 1993-இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்'. அதை எழுதிய மது முட்டம், ஆலப்புழை மாவட்டத்து முட்டம் ஊர்க்காரர். அங்கே ஆலும்மூட்டில் என்றொரு பழைய தறவாடு; ஈழவச் சமூகத்துப் பெரும் பணக்காரர்கள். அந்த வீட்டில் விழுந்த கொலைதான் கதைக்கு வித்து என்பார்கள். அந்த மலையாளப் படத்தில் நாம் பார்ப்பது அந்த வீடல்ல. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் திருப்பூணித்துறை ஹில் பேலஸும்.

அன்று அங்கே மருமக்கத்தாயம். சொத்து அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது, சகோதரி வழியில்தான் போகும். குடும்பத் தலைவரான காரணவர் ஆண்டு அனுபவிக்கலாம். கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் பாத்தியதை கிடையாது. ஆனால் பெற்ற மனம் சும்மா இருக்குமா? பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிவைக்கப் பார்ப்பார், சகோதரி மகனான மருமகன் கறுவுவான். ஆலும்மூட்டிலில் செத்தது காரணவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும். கொன்றது மருமகன் என்றுதான் ஊரார் சொல்வது. 1925-இல் திருவிதாங்கூரில் ஈழவருக்கெனத் தனிச் சட்டம் வந்த பிறகே இந்த முடிச்சு தளர்ந்தது.

இதில், படத்தில் பேயாக வரும் நாட்டியக்காரி எங்கே? இல்லவே இல்லை. அவள் படத்துக்காக வந்தவள். மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழுக்கு வந்ததும் தெலுங்குக்காரியாகி 'ரா ரா' என்று ஆடினாள். 2007-இல் இந்தியில் 'பூல் புலையா' ஆனபோது வங்காளத்து மஞ்சுலிகா. இந்த மூன்று மொழியிலும் பேய் உள்ளூர்க்காரி இல்லை! சொந்தக்காரன் செய்த கொலை, அசலூர்ப் பெண் தலையில் விடிந்துவிட்டது.

வெள்ளைக்காரர் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. ஹொரேஸ் வால்போல், தான் ஆசை ஆசையாகக் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் ஒரு கனவு கண்டார்: மாடிப்படிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் பூட்டிய ராட்சதக் கை. அதை வைத்து 1764-இல் 'ஒட்ரான்டோ கோட்டை' எழுதினார். ஆங்கிலப் பேய்மாளிகை நாவல்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன? அபகரித்த கோட்டை, உரிமை கேட்டு வரும் வாரிசு.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தொட்டிக்கட்டு வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. ஓடு சரிந்து, தொட்டிக்குள் எருக்கு முளைத்து, திண்ணைத் தூணில் கோர்ட் நோட்டீஸ் ஒட்டிய பசைத் தழும்போடு. அதை விலைக்குக் கேட்டு ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, ராத்திரியில கொலுசுச் சத்தம் கேக்குதுங்களாமா? யாரோ மலையாளத்துப் பொம்பளைங்கறாங்க."

"அவளச் சமாளிச்சுக்கலாமுங்க. அண்ணன் தம்பி அஞ்சு பேரு கையெழுத்துப் போடோணும், அதச் சொல்லுங்க."