சூடு ஆறாத பெட்டி
அளவைக் கருவிகளின் கதை – 11

போன வாரம் ஃபிரீக்வென்சி கவுண்டரின் ‘கேட்’ பற்றி எழுதியிருந்தேன். கேட் ஒரு விநாடி திறந்திருக்கும், அதற்குள் எத்தனை அலை நுழைந்தது என்று கருவி எண்ணிக் காட்டும். ‘அது ஒரு விநாடிதான் என்று கருவிக்கு யார் சொன்னது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தத் தொடரே அந்தக் கேள்விக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

சொல்வது ஒரு குவார்ட்ஸ் துண்டு. அவிநாசியில் என் வீட்டு மாடி அறையில் 1980-களின் ஹெச்.பி. 5335ஏ கவுண்டர் ஒன்று இருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சாமானாக வாங்கியது. மூடியைத் திறந்தால், ஒரு மூலையில் உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பெட்டி. மேலே 10811 என்று போட்டிருக்கும். விரலை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அதுதான் ஓவன். உள்ளே 80 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கிரிஸ்டல் விநாடிக்கு ஒரு கோடி முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். 1920-களில் அதைக் கொண்டு ஆஸிலேட்டரும், பிறகு கடிகாரமும் செய்துவிட்டார்கள். ஆனால் கிரிஸ்டலுக்குச் சூடு மாறினால் ஆகாது. அறை வெப்பம் மாறினால் அதிர்வெண்ணும் நகரும். சித்திரையில் 38 டிகிரி, மார்கழி விடியலில் 20 டிகிரி என்று போகிற நம் ஊரில் சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் சில பங்கு அலைந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், கடிகாரக் கணக்கில் வருடத்துக்கு 31 விநாடி.

சூடு ஏற ஏற அதிர்வெண் ஒரே போக்கில் போவதில்லை. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் ஏற்றம் நின்று, இறக்கம் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் சூடு இம்மி கூடினாலும் குறைந்தாலும் அதிர்வெண் ஏறக்குறைய அசையாது. திருப்பம் எங்கே விழ வேண்டும் என்பதைக் கிரிஸ்டலை வெட்டுகிற கோணத்தால் முடிவு செய்யலாம். 10811-ல் இருப்பது எஸ்.சி. வெட்டு. கருவியின் உட்புறம் வெயில் நாளில் எவ்வளவு சூடானாலும் எட்ட முடியாத உயரத்தில் அந்தத் திருப்பத்தை வைத்து, ஹீட்டரால் அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள். குளிர வைப்பதைவிடச் சூடாக்குவது சுலபம் என்பதால் இந்த வழி. 24 மணி நேரம் சூட்டில் நின்ற பிறகு, இதன் நகர்வு நாளொன்றுக்கு ஆயிரம் கோடியில் ஐந்து பங்கைத் தாண்டாது என்பது தயாரிப்பாளர் கொடுத்த வாக்கு. அந்த அளவு பிசகு அப்படியே நின்றால், வருடத்துக்கு ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்குதான் தப்பும். இதை வரைந்து, வெட்டி, மெருகேற்றியவர்கள் மேல் எனக்குத் தீராத மரியாதை.

முகப்புச் சுவிட்சில் ‘ஆஃப்’ கிடையாது, ‘ஸ்டாண்ட்பை’தான். டிஸ்ப்ளே அணையும், ஓவனுக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் டையிங்கில் சூப்பர்வைசர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதை அணைக்கவே மாட்டீங்களா?” என்றார். சூடு ஆறக்கூடாதுங்க என்றேன். “அட, நம்ம லாட்டு மாதிரியே இருக்குதுங்களே! அறுபது டிகிரியில ஓடிக்கிட்டிருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா, மறுபடி சூடேத்தினாலும் ஷேடு அதே மாதிரி வராதுங்க” என்றார். பத்துப் புத்தகம் படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பிடிபடாத விஷயம் அது.

கிரிஸ்டலுக்கும் அதே கதைதான். ஓவன் ஆறி மறுபடி சூடானால், அதிர்வெண் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது, கொஞ்சம் தள்ளி உட்காரும். கிரிஸ்டலைப் பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் மாறுவதும், உறைக்குள் இருக்கும் வாயுத் துகள்கள் அதன் மேல் ஒட்டுவதும் பிரிவதும் காரணம். பிறகு நாள்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து தன் பாதைக்கு வரும். 2012-ல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாதிருந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் டீசலுக்குக் கொட்டிக் கொடுத்த வருடம். அப்படிப்பட்ட நாட்களில் இந்த ஓவன் ஒரு நாளும் நிலைக்கு வந்திருக்காது. இப்போது நான் அதற்கென்று தனி பேட்டரி வைத்திருக்கிறேன். சூடேறி நின்றபின் ஓவன் இழுப்பது சுமார் 2 வாட்தான்.

ஆறிய பெட்டி ஏறுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வழி நிலைநிறுத்திய 10 மெகாஹெர்ட்ஸைக் கவுண்டரில் கொடுத்தேன். சரியான சிக்னல்தான், ஆனால் கவுண்டர் நூறு ஹெர்ட்ஸுக்கும் மேல் கூட்டிக் காட்டியது. கிரிஸ்டல் மெதுவாக அதிர்வதால் கருவியின் விநாடி நிஜ விநாடியைவிட நீண்டுவிடுகிறது, அதனால் காட்டும் எண் கூடுகிறது. பிறகு எண்கள் மளமளவென்று இறங்கின, நிதானித்தன. பத்தே நிமிடத்தில் கடைசி ஓரிரு இலக்கம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் நம் நாட்டில் ஒப்பிட்டுப் பார்க்க இருந்தது ஏடிஏ. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிய நேர சிக்னல். ஷார்ட்வேவ் ரேடியோவை 10-ல் வைத்து, கவுண்டரின் ஆஸிலேட்டரிலிருந்து ஒரு ஒயரை ஏரியல் பக்கம் கொண்டுபோனால் இரண்டும் கலந்து ஒலி ஏறி இறங்கும். ஏற்ற இறக்கத்துக்குப் பத்து விநாடி ஆனால் வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ். வானத்தில் அயனி மண்டலம் அசைவதால் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே அதை நம்ப முடியாது. இருந்தாலும், டெல்லியின் விநாடியை மாடி அறையில் காதால் கேட்க முடிந்தது.

காயலான் கடையில் இப்படி ஒரு கவுண்டர் கிடைத்தால், முதல் நாளே அதிர்வெண்ணைத் திருத்தும் ட்ரிம்மரைத் திருப்பாதீர்கள். பிளக்கைச் செருகி ஒரு மாதம் விடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் ஒரே மணிக்கு எழுதுங்கள்: தேதி, அறையின் சூடு, கரண்ட் போனதா, கடைசி மூன்று இலக்கம். என் நோட்டில் இது நாலாவது வருடம். போன ஆடிக் காற்றில் லைன் அறுந்த ராத்திரி, பேட்டரியும் தீர்ந்து, வரிசை ஓரிடத்தில் துண்டாகிக் கிடக்கிறது. அடுத்த பதினொரு நாள் எண்கள் பழைய வரிசையைத் தேடி ஊர்ந்து வந்ததும் அதே பக்கத்தில் இருக்கிறது.

(தொடரும்)