கல்லக்குடியும் சிமெண்ட் ஆலையும்

நம் திருவண்ணாமலைக் கடைகளுக்குப் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும்தான் கணக்கு. கிரிவலக் கூட்டத்தை எண்ணியே சரக்கு இறக்குகிறோம். ஆலையை நம்பி வளர்ந்த ஊர்களில் சம்பள நாளே கணக்கு. அத்தகைய ஊர் ஒன்றின் வரலாற்றை வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி செல்லும் ரயிலில் லால்குடிக்கு முன்னால் வருவது கல்லக்குடி. அவ்வட்டாரத்தின் செல்வம் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து கல்லாக இறுகின. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவை. அவ்வளவு கல்லையும் தூரத்துக்குச் சுமப்பதைவிட ஆலையைக் கல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதே லாபம். லாரி வாடகை கொடுத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1939-ல் டால்மியா நிறுவனம் அங்கே ஆலை தொடங்கியது. அன்றைய உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 250 டன். ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் டால்மியாபுரம் ஆயிற்று.

இதில் வியாபாரிக்கு என்ன? அறுவடையை நம்பிக் கடன் கொடுப்பவர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குக் கொடுத்தால் முப்பது நாளில் வசூல். ஆண்டுக்கு இரண்டு தடவை சுற்றிய முதல் பன்னிரண்டு தடவை சுற்றும். மளிகைக் கடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் ஆபத்தும் அங்கேயேதான். மழை பொய்த்தால் ஒருவருக்கு இல்லாவிட்டாலும் இன்னொருவருக்குக் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். ஆலை நின்றாலோ கடன் நோட்டில் உள்ள அத்தனை பெயர்களும் ஒரே நாளில் நின்றுவிடும்.

பீகாரில் சோன் ஆற்றங்கரையில் 1930-களில் டால்மியாநகர் என்றே ஓர் ஊர் எழுந்தது. சர்க்கரை, காகிதம், சிமெண்ட், வனஸ்பதி எல்லாம் அங்கே தயாராயின. பின்னாளில் வேறு குடும்பத்தின் நிர்வாகத்துக்குப் போன அவ்வாலைகள் 1984-ல் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். கடைவீதி என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நம் கல்லக்குடி ஆலைக்கு அந்தக் கதி நேரவில்லை, இன்றும் ஓடுகிறது.

கல்லக்குடிக்கு வந்த சோதனை வேறு. ரயில் நிலையப் பலகையிலிருந்து பழைய ஊர்ப்பெயர் மறைந்ததை எதிர்த்து 1953 ஜூலையில் தி.மு.க. போராட்டம் நடத்தியது. கலைஞர் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது அப்போதுதான். அரசியல் பேசுவது நம் பத்திரிகையின் வேலையல்ல. என்றாலும் கடைக்குப் பாட்டனார் வைத்த பெயரை மாற்ற மனம் வராத நமக்கு ஊர்க்காரரின் மனத்தாங்கல் புரியும். 1969-ல், அவர் முதல்வராயிருந்தபோது, ரயில் நிலையம் கல்லக்குடி என்ற பெயரைத் திரும்பப் பெற்றது. தபால் முகவரியில் டால்மியாபுரம் நீடிக்கிறது. அங்கே சரக்கு அனுப்புவோர் ரசீதில் இரண்டு பெயரையும் எழுதிவிடுவது நல்லது.