தள்ளாடுபவரெல்லாம் குடித்தவரல்லர்!



தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழுந்து நிலைக்கு வருகிறீர்கள். தரையில் நெற்றி பதித்திருந்த உடல் சில விநாடிகளில் நிமிர்ந்து நிற்கிறது. விழவில்லை, ஆடவில்லை. இதற்காக நீங்கள் எதையும் யோசிக்கவுமில்லை. உங்கள் எண்ணமெல்லாம் ஓதலில் இருக்கிறது. அப்படியானால் எந்தத் தசையை எப்போது இறுக்க வேண்டும், எதை எப்போது தளர்த்த வேண்டும் என்று கணக்குப் பார்த்தது யார்?

உங்கள் கையைப் பிடரிக்குக் கொண்டு போங்கள். கழுத்துக்கு மேலே, மண்டையோட்டின் பின்புற நடுவில் எலும்பு சற்றுப் புடைத்திருப்பது விரலுக்குத் தெரியும். அந்தப் புடைப்புக்குக் கீழே, எலும்பின் உட்புறத்தில் அமைந்திருப்பதுதான் சிறுமூளை. நமது பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் இதனை 'மூளி' என்று படித்திருப்பார்கள். நீங்கள் கேட்காமலே உங்களைத் தாங்கி நிறுத்தியதில் பெரும் பங்கு அதற்கே உரியது.

இந்தச் சிறுமூளை பழுதுபட்டால் கைகால்கள் செயலிழந்து விடுவதில்லை. நடை தள்ளாடுகிறது, நாக்குக் குழறுகிறது, கை தடுமாறுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் குடித்தவர் போலவே தெரிகிறார். மது ஹராமான நமது சமூகத்தில் ஒருவருக்கு அப்படியொரு பெயர் வந்துவிட்டால், அது அவரோடு நிற்பதில்லை. மனைவி மக்களும் தலைகுனிய நேரிடுகிறது. நோயும் கவனிக்கப்படாமல் முற்றி விடுகிறது. ஆகவேதான் இந்த உறுப்பைப் பற்றிக் குடும்பப் பெண்கள் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

சிறுமூளை சிறியதா?

எடையில் சிறியதுதான். வளர்ந்த ஒருவரின் சிறுமூளை ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். முழு மூளையின் எடையில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மனித மூளையின் நரம்புக் கலங்களை எண்ணிக் கணக்கிட்டபோது வியப்பான ஓர் உண்மை தெரிய வந்தது. முழு மூளையிலும் உள்ள நரம்புக் கலங்கள் சுமார் 8,600 கோடி. அவற்றுள் சுமார் 6,900 கோடி இந்தச் சிறுமூளைக்குள்ளேயே இருக்கின்றன. அதாவது, ஐந்தில் நான்கு பங்கு!

இத்தனை கலங்களும் இவ்வளவு சிறிய இடத்தில் அடங்கியது எப்படி? மடிப்புகளால்தான். நீண்டதொரு சேலையைக் கொசுவி மடித்துச் சிறிய பெட்டியில் வைப்பது போல, சிறுமூளையின் மேற்பட்டை நெருக்கமான மெல்லிய மடிப்புகளாக அமைந்துள்ளது. அவற்றை விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 1 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட துண்டாக வரும்.

சமையலறையில் கோவாவை நடுவே வெட்டும்போது ஒரு கணம் பாருங்கள். நடுவில் வெண்ணிறத் தண்டு, அதிலிருந்து பிரியும் கிளைகள், அவற்றைச் சூழ்ந்த மடிப்புகள் என்று ஒரு மரம் போலத் தெரியும். சிறுமூளையை வெட்டிப் பார்த்தாலும் ஏறத்தாழ இதே தோற்றம்தான். பழைய உடற்கூற்றறிஞர்கள் அந்த வெண்ணிறக் கிளைகளுக்கு 'வாழ்வின் மரம்' என்று இலத்தீனில் பெயரிட்டார்கள்.

சிறுமூளைக்கு வலம், இடம் என இரண்டு அரைக்கோளங்கள் உள்ளன. இவற்றின் நடுவே புழுவைப் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. நடுப்பகுதி உடலின் சமநிலையையும் நடையையும் கவனிக்கிறது. பக்கப் பகுதிகள் கைகால்களின் நுட்பமான வேலைகளைக் கவனிக்கின்றன. பெருமூளையின் வலப்புறம் உடலின் இடப்புறத்தை ஆள்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுமூளையில் அப்படியல்ல. அதன் வலப்பாதி உடலின் வலப்பாதியையே கவனிக்கிறது.

மூன்று அடுக்குகள்

மேற்பட்டையின் ஒவ்வொரு மடிப்பிலும் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. உள் அடுக்கில் மணல் போலச் செறிந்து கிடப்பவை மணிக் கலங்கள். மூளையிலேயே மிகச் சிறியவையும் மிக அதிகமானவையும் இவைதான். நடு அடுக்கில் பெரிய கலங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. பொஹீமிய நாட்டு அறிஞர் புர்கின்யே 1837இல் இவற்றை விபரித்தார். அதனால் அவர் பெயராலேயே இவை அழைக்கப்படுகின்றன. புர்கின்யே கலங்களின் கிளைகள் பரந்து கிடப்பது வெளி அடுக்கிலாகும்.

அந்தக் கிளைகளின் அழகு தனியானது. சாதாரண மரத்தின் கிளைகள் எல்லாப் பக்கமும் பரவும். புர்கின்யே கலத்தின் கிளைகளோ பனையோலை விசிறி போலத் தட்டையாக விரிந்திருக்கின்றன. விசிறிகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, அவற்றினூடே குறுக்காக ஆயிரமாயிரம் நூல்களைக் கோத்து இழுத்ததாக நினைத்துக் கொள்ளுங்கள். அந்த நூல்கள்தான் மணிக் கலங்களிலிருந்து மேலெழுந்து வரும் 'சமாந்தர நார்கள்'. ஒரு புர்கின்யே கலம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நார்களிடமிருந்து செய்தி பெறுகிறது. கால் எங்கே இருக்கிறது, கழுத்து எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கண் எதைப் பார்க்கிறது, பெருமூளை என்ன செய்ய நினைக்கிறது என்பதெல்லாம் அந்தச் செய்திகளில் அடங்கும்.

இத்தனையையும் கேட்ட பின் புர்கின்யே கலம் என்ன சொல்கிறது? 'அடங்கு' என்ற ஒரு கட்டளையைத்தான் சொல்கிறது. சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் ஓயாது செய்தி அனுப்பும் இயல்புடையவை. புர்கின்யே கலங்கள் அவற்றை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கு அடக்கி வைக்கின்றன. வயலுக்கு நீர் பாய்ச்சும் விவசாயி நீரை உண்டாக்குவதில்லை. வாய்க்காலை இங்கே அடைத்து, அங்கே திறந்து, நீரை ஒழுங்குபடுத்துகிறார். சிறுமூளையின் வேலையும் அதுவே. அசைவைத் தொடங்கும் கட்டளை பெருமூளையிலிருந்து வருகிறது. அதனை அளவோடும் நேரத்தோடும் நடத்தி வைப்பது சிறுமூளை.

பிழை திருத்தும் நார்

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. ஒவ்வொரு புர்கின்யே கலத்தையும் கொடி போலச் சுற்றிப் படர்ந்து ஏறும் தனி நார் ஒன்று இருக்கிறது. இதற்கு 'ஏறு நார்' என்று பெயர். வளர்ந்தவரில் ஒரு கலத்துக்கு ஒன்றேதான். இந்த நார்கள் மூளைத் தண்டில் ஒலிவ் என்றழைக்கப்படும் முடிச்சிலிருந்து வருகின்றன. குர்ஆனில் அல்லாஹ் சத்தியமிட்டுக் கூறும் ஸைத்தூன் கனிதான் ஒலிவ். அக்கனியின் வடிவை ஒத்திருப்பதால் உடற்கூற்றறிஞர்கள் அப்பெயரை வைத்தார்கள்.

முதன்முதலாக ரொட்டி தட்டிய நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கிழிந்து போயிருக்கும். இன்றோ பேசிக் கொண்டே தட்டுகிறீர்கள். இடையில் நடந்தது என்ன? ஒவ்வொரு முறை கை பிழைக்கும்போதும் ஏறு நார் அந்தப் பிழையைப் புர்கின்யே கலத்துக்கு அறிவிக்கிறது. அந்த வேளையில் செய்தி அனுப்பிக் கொண்டிருந்த சமாந்தர நார்களின் தொடர்பு சற்றுப் பலவீனமாக்கப்படுகிறது. இப்படிப் பிழையான வழிகள் அடைபட, சரியான வழி எஞ்சுகிறது. 1982இல் ஜப்பானிய அறிஞர் மஸாவோ இத்தோவும் அவரது குழுவினரும் இத்தொடர்பு பலவீனமாவதைப் பரிசோதனையில் காட்டினார்கள். கைப்பழக்கம் என்று நாம் சொல்வதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று. சுப்ஹானல்லாஹ்!

போர்க்களம் தந்த பாடம்

முதலாம் உலகப் போரின்போது பிரான்ஸில் பணியாற்றிய நரம்பியல் வைத்தியர் கோர்டன் ஹோம்ஸ், பின்தலையில் குண்டடிபட்ட போர்வீரர்கள் பலரைப் பரிசோதித்தார். 1917இல் தாம் கண்டவற்றை வெளியிட்டார். அவர்களுக்கு அசைக்கும் ஆற்றல் இருந்தது. ஆனால் மூக்கைத் தொடச் சொன்னால் விரல் மூக்கைத் தாண்டிப் போனது. நடக்கச் சொன்னால் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடினார்கள். ஒரு கை தானாகவே வேலை செய்கிறது, மற்றக் கையின் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று நோயாளி ஒருவர் கூறியதையும் ஹோம்ஸ் பின்னர் பதிவு செய்தார்.

ஆற்றல் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. சிறுமூளை நோயின் அடையாளம் இதுதான். "கைகால் நல்லாத்தானே இருக்கு, வேணுமென்றே செய்கிறார்" என்று வீட்டார் நினைப்பதும் இதனால்தான்.

மது அருந்தியவர் தள்ளாடுவதற்கும் காரணம் இருக்கிறது. மது சிறுமூளையின் கலங்களைத் தாக்குகிறது. நெடுநாள் குடிப்பவர்களில் சிறுமூளையின் நடுப்பகுதி சுருங்கி, குடிக்காத நேரத்திலும் தள்ளாட்டம் நிலைத்து விடுகிறது. கருவிலுள்ள குழந்தையின் சிறுமூளையும் மதுவால் பாதிக்கப்படும். மார்க்கம் மதுவை முற்றாகத் தடுத்ததன் நன்மைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் ஒன்றை மறந்து விடாதீர்கள். மது செய்வதையே வேறு பல நோய்களும் செய்கின்றன. தள்ளாட்டம் ஒன்றே, காரணங்கள் பல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, திடீரென வருவது. இரத்த அழுத்தமோ சீனி வருத்தமோ உள்ள மூத்தம்மாவுக்கு ஒரு நாள் திடீரெனத் தலைசுற்றி, வாந்தி வந்து, நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்கிறது. பேச்சுக் குழறுகிறது. கைகால் வழங்குகிறது, வாய் கோணவில்லை. பித்தம் என்றும் வாயு என்றும் சொல்லி இஞ்சித் தேநீர் கொடுத்துப் படுக்க வைத்து விடாதீர்கள். சிறுமூளையில் ஏற்பட்ட பாரிசவாதமாக இது இருக்கலாம். இரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சிறுமூளை இருக்கும் அறை மிகவும் குறுகியது. வீக்கம் ஏற்பட்டால் சுவாசத்தை ஆளும் மூளைத் தண்டை அது அழுத்தி உயிருக்கே ஆபத்தாகலாம். தாமதியாமல் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவ செரிய' அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

இரண்டாவது, பிள்ளைகள். காலையில் எழும்போது தலையிடி, வாந்தி, அதோடு நடையில் தள்ளாட்டம் என்று சில நாட்களாகத் தொடர்ந்தால், பூச்சி மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சிறுவர்களின் மூளைக் கட்டிகளுள் கணிசமானவை தலையின் இப்பின்பகுதியிலேயே உண்டாகின்றன. கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளுள் ஒரு சிலருக்கு அது மாறிவரும் நாட்களில் நடை தடுமாறுவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குணமாகும். ஆயினும் வைத்தியர் பார்த்தே அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மெல்ல மெல்ல வருவது. தேநீர்க் கோப்பையை எடுக்கப் போகும்போது, நெருங்க நெருங்கக் கை அதிகமாக ஆடுகிறதா? படியிறங்கும்போது கால் வைக்கும் இடம் தவறுகிறதா? எழுத்துக் கோணுகிறதா? வலிப்புக்குப் பாவிக்கும் சில குளிசைகளின் அளவு உடலில் கூடினாலும் இப்படி நேரலாம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவு, விட்டமின் 'ஈ' குறைபாடு போன்றவற்றாலும் தள்ளாட்டம் வரும். இவை மருந்தால் சீர்படுத்தக் கூடியவை. பரம்பரையாக வரும் வகைகளும் உண்டு. அவற்றுள் சில, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு கிடைத்தால் மட்டுமே பிள்ளையில் வெளிப்படும். பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினராக இருக்கையில் அதற்கான வாய்ப்புக் கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருந்தால், கலியாணம் பேசுமுன் வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

குணமாகாத வகையாயினும் செய்யக் கூடியவை பல உள்ளன. உடற்பயிற்சிச் சிகிச்சையால் நடை ஓரளவு சீராகும். குளியலறையில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். வழுக்கும் கால் விரிப்புகளை அகற்றி விடுங்கள். கோப்பையைப் பாதியளவே நிரப்பிக் கொடுங்கள். நின்று தொழ முடியாதவருக்கு உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. பள்ளிக்குப் போகக் கூச்சப்படும் வாப்பாவுக்கு ஒரு கதிரையும், கூடப் போக ஒரு மகனும் போதும்.

சகோதரிகளே! தப்பெண்ணம் கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். தெருவில் ஒருவர் தள்ளாடினால் முதலில் நம் வாயில் வருவது என்ன என்பதை நாம் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்க வேண்டும். கோப்பையைத் தட்டிவிடும் மாமியையும், அடிக்கடி விழும் பிள்ளையையும் ஏசுவதற்கு முன் ஒரு விநாடி பொறுங்கள். பிழை அவர்களிடம் இல்லாமல், பிழைகளைத் திருத்தும் அந்த 150 கிராம் உறுப்பில் இருக்கலாம். ஏச்சு அதனைச் சுகப்படுத்தாது. நேரத்தோடு வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் உங்கள் கை, அல்லாஹ்வின் நாட்டத்தால், ஓர் உயிரையும் ஒரு மனிதரின் மானத்தையும் காப்பாற்றலாம்.