எங்கள் கிணற்று மோட்டாரும் ஓம் விதியும்

இயற்பியல் மாணவர்களுக்குக் கேரி பாஸ்டர் பிரிட்ஜ் சோதனையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பிச் சுருளின் மின்தடையைக் கண்டு, திருகு அளவியால் விட்டத்தை அளந்து, தன்மின்தடையைக் கணக்கிட்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுவது நம் வழக்கம். சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் இரண்டாம் முறை கருகாமல் இருந்திருந்தால் நானும் மறந்தே போயிருப்பேன்.

எங்கள் கிணறு வீட்டிலிருந்து 120 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வீட்டுக்கும் இரண்டு மாடுகளுக்கும் அதுதான் தண்ணீர். 1 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டாரை வைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்திருந்தோம். மாலையில் சுவிட்சைப் போட்டால் சில நாள் ஓடும். சில நாள் உறுமும், சுற்றாது. ஆறு மாதத்தில் காயில் போய்விட்டது. கன்றுக்குட்டியை விற்றுக் காயில் கட்டினோம். மறுபடியும் போயிற்று. மெக்கானிக் அண்ணன் ஒயரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒயர் சூடே இல்லையேண்ணே, அதுல குத்தம் இல்ல. மோட்டாரையே மாத்திடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கடன் கேட்கப் புறப்பட்டார்.

அன்றிரவுதான் பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.

கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதத்தில் குறையும். செம்பின் தன்மின்தடை 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். இந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி, மீட்டருக்கு 0.0172 ஓம் தடை தரும் என்பதே இதன் பொருள். அலுமினியமாயின் ஏறத்தாழ 0.028. அதை நீளத்தால் பெருக்கிப் பருமனால் வகுத்தால் விடை வந்துவிடும்.

முதலில் 120 மீட்டர் என்று போட்டுத் தவறு செய்தேன். மின்சாரம் போனால் போதுமா, திரும்பி வர வேண்டாமா? பேஸ் கம்பி 120, நியூட்ரல் கம்பி 120, ஆக 240 மீட்டர். 0.0172 × 240 ÷ 1.5 = 2.75 ஓம். மோட்டாரின் தகட்டில் 7 ஆம்பியர் என்றிருந்தது. ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிப்படி 7 × 2.75, அதாவது 19 வோல்ட் வழியிலேயே தொலைகிறது!

மறுநாள் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி அளந்தேன். மோட்டார் ஓடும்போது மீட்டர் பெட்டியில் 205 வோல்ட், கிணற்றடியில் 184. இழப்பு 19 அல்ல, 21. வெயிலில் கம்பி சூடேறினால் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் தடை கூடும் அல்லவா? நடுவில் இருந்த இரண்டு ஜாயின்ட்டுகளும் தம் பங்கைச் சேர்த்திருக்கும்.

மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230-க்குச் செய்த மோட்டாருக்கு 184 கிடைத்தால் விசை 64 சதவீதந்தான். சுவிட்சைப் போட்ட கணத்தில் மோட்டார் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். அப்போது ஒயரில் இழப்பும் பெருகும். சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றால் அந்தப் பெரும் மின்னோட்டம் குறையாமல் ஓடிக் காயிலைக் கருக்கிவிடும்.

அப்படியானால் மெக்கானிக் அண்ணன் சொன்னது பொய்யா? இல்லை. ஒயரில் உண்டாகும் வெப்பம் 7 × 7 × 2.75, அதாவது 135 வாட். கேட்கப் பெரிதாக இருந்தாலும், 240 மீட்டருக்குப் பரவும்போது மீட்டருக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல். அது சுடாது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும். அந்தச் சூட்டைத் தாண்டாமல் ஓடக்கூடிய ஆம்பியரே ஒயரின் பாதுகாப்பான மின்னோட்டம். குழாய்க்குள் பல ஒயர்களை நெருக்கினால் அது குறையும். காற்றாடக் கிடந்தால் கூடும். 1.5 ஒயருக்கு 7 ஆம்பியர் ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்தக் கணக்கில் தொலைவுக்கு இடமே இல்லை. 5 மீட்டரானாலும் 120 மீட்டரானாலும் தொட்டால் ஒரே சூடுதான். வோல்டேஜ் இழப்போ தொலைவோடு ஏறிக்கொண்டே போகும்; அது கைக்குத் தெரியாது.

4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் தடை 1.03 ஓம், இழப்பு 7 வோல்ட். கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து அவ்வளவு வராது. "கடைமடைக்குத் தண்ணி ஏறாத மாதிரியா?" என்று கேட்டார். "ஆமாப்பா, வாய்க்கால அகலப்படுத்தணும்" என்றேன்.

கடைக்காரர் 4 என்றால் விழித்தார், "ஏழு இருபதா?" என்றார். 20 கேஜ் கம்பி ஏழு சேர்ந்தது என்று பொருள். அதன் ஓர் இழையின் விட்டம் 0.914 மில்லிமீட்டர், ஏழுக்கும் சேர்த்துப் பரப்பு 4.6 வரும். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை மறந்து ஏமாறுவோர் உண்டு. மில்லிமீட்டரிலேயே கேட்பது நல்லது.

புது மோட்டார் வாங்கவில்லை. பழையதற்கே காயில் கட்டி, ஜாயின்ட் இல்லாமல் புது ஒயர் இழுத்தோம். கிணற்றடியில் இப்போது 198 காட்டுகிறது. மோட்டார் உறுமாமல் சுற்றுகிறது. கழற்றிய 1.5 ஒயரில் ஒரு துண்டை மாட்டுக்கொட்டகைக்கு இழுத்து இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்புகள் போட்டிருக்கிறோம். அவற்றுக்கு 0.1 ஆம்பியர் கூடத் தேவையில்லை.