எந்த இலையைக் கிள்ளினீங்க, ராத்தா?

அஸர் தொழுதுவிட்டுப் பிளேன்டீயோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். சாய்ந்தமருதிலிருந்து வந்த ராத்தா, தாளில் சுற்றிய தக்காளி இலையொன்றை நீட்டினார். கன்று நட்டு மூன்று கிழமைதான்.

"மஞ்சளாப் போகுது தம்பி. ஒரு பிடி யூரியா போடவா?"

"எந்த இலையைக் கிள்ளினீங்க, ராத்தா? அடியிலயா, குருத்திலயா?"

மஞ்சள் என்றதும் யூரியாவைத் தேடுவது நம் ஊரில் பலருக்கும் பழக்கம். எந்த இலை என்று பார்க்காமல் பசளைப் பையை அவிழ்க்கவே கூடாது. நைதரசன் குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடியிலை நரம்போடு சேர்த்து முழுதாக வெளிறும். மகனீசியம் குறைந்தாலும் அடியிலைதான், ஆனால் நரம்பு பச்சையாகவே நிற்கும். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடிக்கு இயலாது; குருத்துத்தான் முதலில் மஞ்சளாகும். கடற்கரை மணலில் சிப்பிச் சுண்ணாம்பு கூடினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. முளைத்தபோது வந்த இரண்டு வித்திலைகள் பழுத்து விழுவது இயற்கை. அதற்குக் கவலையே வேண்டாம்.

சம்மாந்துறைப் பக்கக் களிமண்ணில் கதை வேறு. மாரியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் அடியிலை மஞ்சளாகும். அங்கே வேண்டியது பசளையல்ல, வடிகால்.

இலை சிறுத்து, ஓரம் வெளிறி, கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டால் செடியைத் தட்டிப் பாருங்கள். வெள்ளை ஈ பறந்தால் அது பரப்பிய இலைச்சுருள் வைரசாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, மனம் நொந்தாலும் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும், மற்றக் கன்றுகளாவது மிஞ்சும்.

ராத்தாவின் இலை அடியிலை. மஞ்சளைவிட என் கண்ணில் பட்டது அதன் ஓரம்: நெருப்புக் காட்டியதுபோல் கருகியிருந்தது.

"எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"கிணத்துத் தண்ணி."

"அதுல தேத்தண்ணி வெப்பீங்களா?"

"சே, உப்புக் கரிக்கும். தேத்தண்ணிக்குக் குழாய்த் தண்ணிதான்."

2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்த கரை இது. கிணறுகள் உப்பானதை நாம் மறக்கவில்லை. சுனாமி வராவிட்டாலும் கோடையில் கரையோரக் கிணறு கரிக்கத்தான் செய்யும். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உள்ளே போன உப்போ இலையோரத்தில் சேர்ந்து கருக்கும். அதன்மேல் யூரியாவையும் கொட்டினால் வேருக்கு இன்னும் பாரம்.

மணலில் ஒரு நன்மை உண்டு: நல்ல தண்ணீரை நிறைய ஊற்றினால் உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். பிறகு ஈரம் காயாமல் வைக்கோல் பரப்பினால் போதும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலையைத்தான் பார்க்க வேண்டும்.

"குழாய்த் தண்ணிக்கு பில் வருமே, தம்பி?"

"அரிசி கழுவுறது குழாய்த் தண்ணியிலதானே, ராத்தா? அதைக் கொட்டாம எடுத்து வைங்க."